படமும் சரக்கும்: புனே தமிழர் திரையைப் படிக்கும் முறை

தமிழ்ச் சங்க மலர் எதை எடுத்தாலும் சினிமா பற்றி ஒரு கட்டுரையாவது இருக்கும். அவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, தியாகராஜ பாகவதர் காலம் தொட்டு இன்றுவரை நடிகர்களைப் புகழ்வது. மற்றொன்று, சினிமாவும் சீரியலும் தமிழ்ப் பண்பாட்டைக் கெடுத்துவிட்டன என்று அங்கலாய்ப்பது. இரண்டுமே திரையில் ஓடும் கதையை மட்டும் பார்க்கின்றன. அந்தக் கதைக்கு யார் முதல் போட்டார், எந்த ஊர்ச் சந்தைக்கு அனுப்பினார், யார் தலையில் லாபம் வைத்தார் என்று கேட்பதில்லை.

அடியேன் மளிகைக் கடைக்காரன். கல்லூரி வாசல் மிதித்தவன் அல்ல. ராத்திரி கடை சாத்திய பிறகு படித்ததுதான் என் படிப்பு. ஒரு மூட்டை புளி கடைக்கு வந்தால் அதன் ருசியை மட்டும் பார்த்துக் கொள்முதல் செய்வதில்லை. எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை கை மாறி வந்தது, தரகு எவ்வளவு என்று விசாரிக்கிறோம். சினிமா, டி.வி., பாட்டு மூன்றையும் அதே மாதிரி விசாரிக்கலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அப்படி விசாரித்தால் வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்கு முக்கியமான ஓர் உண்மை தெரியவரும்.

புனேயும் தமிழ் சினிமாவும்

இதைப் பேச நம்ம ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. தமிழின் முதல் கதைப்படம் என்று சொல்லப்படும் மௌனப்படம் ‘கீசக வதம்’. அதை எடுத்தவர் வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார். சென்னையில் சைக்கிள், மோட்டார் வியாபாரம் செய்தவர். கர்சன் பிரபு பற்றிய செய்திப்படத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் அவர் கேமரா பழகியது இந்தப் புனேயில்தான். பிறகு சென்னை கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஸ்டூடியோ வைத்து, 1917–18 வாக்கில் படத்தை எடுத்து வெளியிட்டார். சுமார் 35,000 ரூபாய் போட்டு 50,000 ரூபாய் எடுத்தார் என்று திரை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. தமிழ் சினிமாவின் முதல் பக்கமே வரவு செலவுப் பக்கம்தான்.

அடுத்தது பேசும் படம். 1931இல் வந்த ‘காளிதாஸ்’ பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனியில் உருவானது. 1934இல் வந்த ‘சீதா கல்யாணம்’ நம்ம பிரபாத் கம்பெனியின் ஸ்டூடியோவில், இந்த மராட்டிய மண்ணில் உருவானது. இயக்கியவர் பாபுராவ் பெண்டார்கர். பாபநாசம் சிவன் சினிமாவுக்கு வந்தது அந்தப் படத்தில்தான். ராமனாக எஸ். ராஜம் நடித்தார். அவர் தம்பி, பிற்கால வீணை மேதை எஸ். பாலசந்தர், ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாக வந்தார். தமிழ்ப்படம் ஏன் இங்கே வந்து எடுக்கப்பட்டது? ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்டூடியோ சென்னையில் 1934 வரை இல்லை. கலை எங்கே பிறக்கிறது என்பதைச் சில சமயம் கருவி இருக்கும் இடம் தீர்மானிக்கிறது. ஊடகத்தைப் படிப்பவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பிரபாத் கம்பெனி 1929இல் கோலாப்பூரில் தொடங்கி 1933இல் புனேக்கு வந்தது. அது மூடப்பட்ட பின், அதே இடத்தில் 1960இல் மத்திய அரசு திரைப்படக் கல்லூரியைத் தொடங்கியது. 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் இந்த ஊருக்கே வந்தது. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த பாலு மகேந்திரா ஒளிப்பதிவு படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியது இங்கேதான். லா காலேஜ் ரோட்டில் தினமும் அந்த வாசல்களைக் கடந்து போகிறோம். உள்ளே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

அறிஞர்கள் சொன்னது

மேலை நாட்டு அறிஞர்கள் சிலர் இத்துறையில் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்கா போன அடோர்னோ, ஹோர்க்ஹைமர் என்ற ஜெர்மானிய அறிஞர்கள் இருவர், 1947இல் வெளிவந்த தங்கள் நூலில் ‘பண்பாட்டுத் தொழில்’ என்ற கருத்தை முன்வைத்தனர். மோட்டார் கம்பெனியில் கார் வார்ப்பது போலப் படத்தையும் பாட்டையும் அச்சில் வார்த்துத் தள்ளுகிறார்கள். பார்ப்பவன் சிந்தனை மழுங்குகிறது என்பது அவர்கள் வாதம்.

இங்கிலாந்தின் ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் டி.வி. பற்றி எழுதினார். அமெரிக்காவின் மயாமி நகரில் ஒரு விடுதியில் டி.வி. பார்த்தாராம். ஒரு படம், நடுவில் விளம்பரம், அதற்குள் வேறு படங்களின் முன்னோட்டம் என எல்லாம் கலந்து ஓடியது. டி.வி.யில் தனித்தனி நிகழ்ச்சி என்று ஏதுமில்லை, எல்லாம் ஒரே ‘ஓட்டம்’ என்றார். நம்ம வீட்டில் ஆறரைக்கு உட்கார்ந்தவர் பத்தரைக்கு எழுந்திருப்பது ஏன் என்று இதைப் படித்த பிறகுதான் விளங்கியது.

கனடாவின் டாலஸ் ஸ்மைத் 1977இல் எழுதியது வியாபாரிக்குச் சட்டென்று புரியும். இலவச டி.வி.யில் விற்கப்படும் சரக்கு நிகழ்ச்சி அல்ல, பார்ப்பவர்தான் சரக்கு. சேனல்காரர் நம் கண்ணையும் நேரத்தையும் கட்டி விளம்பரதாரருக்கு விற்கிறார். நிகழ்ச்சி, கூட்டம் சேர்க்கக் கொடுக்கும் சுண்டல்.

ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் ஹால் இதற்கு மறுபக்கம் காட்டினார். அனுப்புகிறவர் ஒரு பொருளை வைத்து அனுப்பலாம். பெறுகிறவர் அதை அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்கலாம், எதிர்த்தும் படிக்கலாம். பார்ப்பவர் களிமண் அல்ல.

இவர்களில் யார் சொல்வது சரி? எங்கள் சமண மரபில் அநேகாந்தவாதம் என்பார்கள். ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு, ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ‘இதுவே முழுசு’ என்று சாதிக்காதே என்பது அதன் சாரம். ஊடகத்தைப் படிக்க இது நல்ல முறை. பணம் போட்டவர் பக்கம், எடுத்தவர் பக்கம், விற்றவர் பக்கம், பார்த்தவர் பக்கம் என நான்கையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

வியாபாரம் என்றாலே இழிவா?

அடோர்னோ சொன்னதை முழுக்க ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கடைக்காரன் என்பதால் சொல்லவில்லை. ‘சந்த் துக்காராம்’ படத்தைப் பாருங்கள். 1936இல் பிரபாத் எடுத்தது. இயக்கியவர்கள் தாம்லே, ஃபத்தேலால். பிரபாத் ஒரு லாப நோக்குள்ள கூட்டு வியாபாரம். கூட்டாளிகள், சம்பளக்காரர்கள், கணக்குப்பிள்ளை எல்லாம் உண்டு. அந்த வியாபாரத்தில் வந்த சரக்குதான் 1937இல் வெனிஸ் விழாவில் உலக அளவில் பாராட்டுப் பெற்றது. இன்றைக்கும் ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் வாரிப் பல்லக்குகள் நம்ம ஊர் வழியே போகும்போது, பல மராட்டியர் மனத்தில் துக்காராமுக்கு அந்தப் படத்தில் நடித்த விஷ்ணுபந்த் பாக்னீஸின் முகம்தான்.

யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளியிட்ட நூலில் இன்னொன்று சொன்னார். தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கலை பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை. அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, டிக்கெட் காசு. கோயில் மண்டபமும் பெரிய மனிதர் வீட்டுக் கச்சேரியும் செய்யாததைச் சந்தை செய்தது. புனேயில் இதை நாம் கண்ணாலேயே பார்க்கலாம். கட்கி, தேஹு ரோடு ராணுவத் தொழிற்சாலைக் குடும்பத்தார், மார்க்கெட் யார்டு வியாபாரி, ஹிஞ்சவாடி ஐ.டி. பிள்ளைகள் மூவரும் வேறு எங்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதில்லை. பெரிய நடிகர் படம் வந்தால் உட்காருகிறார்கள்.

ஆகவே வியாபாரம் என்பது குற்றச்சாட்டு ஆகாது. எந்த மாதிரி வியாபாரம் என்பதே கேள்வி.

மூன்று சரக்கு, மூன்று மண்டி

சினிமா வியாபாரத்தில் மூன்று படி: தயாரிப்பு, விநியோகம், திரையிடல். தமிழ்நாட்டைச் சென்னை நகரம், செங்கல்பட்டு, வடஆற்காடு–தென்ஆற்காடு, கோவை, சேலம், திருச்சி–தஞ்சாவூர், மதுரை–ராமநாதபுரம், திருநெல்வேலி–கன்னியாகுமரி என்று ஏரியாக்களாகப் பிரித்து விற்பார்கள். விற்கும் முறையும் பல. மொத்தமாக விலை பேசுவது ‘அவுட்ரேட்’. குறைந்தபட்சத் தொகையை முன்னாலேயே கட்டிவிட்டு, மேலே வந்தால் பங்கு பிரிப்பது ‘எம்.ஜி.’. தரகுக்கு மட்டும் ஓட்டித் தருவது ‘டிஸ்ட்ரிப்யூஷன்’. நம்ம மண்டியில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஒரு படத்தின் சண்டைக்காட்சி ஏன் மதுரைத் தெருவில் நடக்கிறது, வசனத்தில் ஏன் கோவைப் பேச்சு வருகிறது என்பதற்கு இந்த ஏரியாப் பட்டியலிலும் ஒரு பதில் இருக்கிறது. அதில் புனே ஒரு தனி ஏரியா அல்ல. வெளிமாநில உரிமை என்ற பொட்டலத்தில் நாமும் ஒரு பிடி.

பாட்டுக்கு மண்டி வேறு. 2011 நவம்பரில் ‘கொலவெறி’ பாட்டு யூடியூபில் வந்தது. தனுஷ் எழுதிப் பாடியது, இசை அனிருத். சில நாட்களில் நம்ம மாடிக் குடியிருப்பில் மராட்டிப் பிள்ளைகள், குஜராத்திப் பிள்ளைகள் எல்லாம் முணுமுணுத்தார்கள். அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘3’ படம் 2012 மார்ச்சில் வந்தது. பாட்டு ஓடிய ஓட்டம் படம் ஓடவில்லை. பாட்டுக்கு மொழி எல்லை குறைவு, அதன் சந்தை படத்தின் சந்தையிலிருந்து பிரிந்து தனியே நடக்கக்கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தச் சந்தையின் லாபத்தில் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் என்ன பங்கு? 1977இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், படத்துக்காகக் கூலி வாங்கிச் செய்த பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே என்றிருந்தது. 2012இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற வழியில் பாட்டு பயன்பட்டால், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சம பங்கு உண்டு, அந்த உரிமையை வெளியாருக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது என்று ஆனது. பாட்டைக் கேட்டுத் தலையாட்டும்போது இதையும் நினைப்பதுதான் இசையைப் படிப்பது.

மூன்றாவது டி.வி. இங்கேதான் நமக்கு நேரடி அக்கறை.

சீரியல் ஏன் முடிவதில்லை?

1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. வந்தது. அதற்கு முன் புனேத் தமிழ் வீடுகளில் தூர்தர்ஷன் ஞாயிறு மதியம் காட்டும் மாநில மொழிப் படங்களில் தமிழ் முறை எப்போது வரும் என்று காத்திருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். பிறகு கேபிள், டிஷ். ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ எல்லாம் நம்ம கூடத்துக்கே வந்தன. ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை, ஆயிரத்து ஐந்நூறு பகுதிக்கு மேல் ஓடியது.

இழுக்கிறார்கள் என்று திட்டுகிறோம். ஏன் இழுக்கிறார்கள்? அந்நாளைய முறை இது: சீரியல் எடுப்பவர் சேனலுக்கு அந்த அரைமணி நேரத்துக்குக் கட்டணம் கட்டுவார். பதிலுக்குச் சில நிமிட விளம்பர நேரம் அவருக்குக் கிடைக்கும். அதை விற்றுத்தான் செலவையும் லாபத்தையும் எடுக்க வேண்டும். அதாவது நல்ல தெருவில் வாடகைக்குப் பிடித்த கடை. வியாபாரம் நடக்கும் கடையை யாராவது காலி செய்வார்களா? கதை முடிந்தாலும் கடை முடியாது. பின்னாளில் சேனலே பணம் கொடுத்து எடுக்கச் சொல்லும் முறையும் வந்தது. அப்போதும் ரேட்டிங் இருக்கும்வரை கதை நீளும். இதில் எழுத்தாளர் திறமைக் குறைவைவிட வாடகைக் கணக்கு பெரியது. கணக்கு தெரியாமல் திட்டினால் திட்டு குறி தவறும்.

இப்போது ஸ்மைத் சொன்னதை இதில் பொருத்திப் பாருங்கள். பார்ப்பவரே சரக்கு. சரி, புனேத் தமிழர் சரக்கா? டி.வி. பார்ப்போரை அளக்கும் ‘பார்க்’ அமைப்பு 2015 முதல் வெளியிட்ட பட்டியல்களில் தமிழ்ச் சேனல்களின் சந்தை ‘தமிழ்நாடு–புதுச்சேரி’ என்றே வரும். விளம்பரத்தையும் கவனியுங்கள். ஆடித் தள்ளுபடிக்கு வாருங்கள் என்று தியாகராய நகர் ஜவுளிக்கடை அழைக்கிறது. நாம் போகப் போவதில்லை என்று கடைக்காரருக்கும் தெரியும், சேனல்காரருக்கும் தெரியும். நம் கண் அவர்கள் தராசில் ஏறவில்லை.

2013இல் புனேயில் செட்டாப் பெட்டி கட்டாயமாயிற்று. 2019 பிப்ரவரியில் சேனல் வாரியாக விலை போடும் முறை வந்தது. இப்போது நாம் மாதாமாதம் காசு கொடுக்கும் வாடிக்கையாளர்கள். செல்போன் செயலிகளுக்கும் சந்தா கட்டுகிறோம். ஆனாலும் கதை யாருக்காக எழுதப்படுகிறது என்பது மாறவில்லை. மராத்திப் பள்ளியில் படித்து, ஹிந்தியில் விளையாடி, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை எந்தச் சீரியலில் வருகிறது? வாடகை வீடு தேடும்போது ‘மதராசியா?’ என்று கேட்கப்பட்ட குடும்பம் எந்தப் படத்தில் வருகிறது?

இதன் விளைவு மொழியில் தெரிகிறது. இங்கே வளரும் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு அடுத்தபடி தமிழ் ஊட்டுவது திரைதான். ‘துரோகம்’, ‘பழிக்குப் பழி’, ‘சவால்’ எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ‘ஆழாக்கு’, ‘முறம்’, ‘நாற்றங்கால்’ என்றால் விழிக்கிறார்கள். சேனலைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் பிள்ளையின் தமிழ் அவர்கள் ஐந்தொகையில் வரவும் இல்லை, செலவும் இல்லை. அக்கறை இல்லாதவரிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, சரியாக வளர்க்கவில்லை என்று வருந்துவது என்ன நியாயம்?

ஸ்டூவர்ட் ஹால் சொன்ன மறுபக்கமும் நம்ம வீடுகளில் உண்டு. மராட்டிய மருமகள் வந்த வீடுகளில் மாமியாரோடு சீரியல் பார்த்தே தமிழ் பழகியவர்கள் இருக்கிறார்கள். எந்தச் சேனலும் திட்டமிடாத பயன் அது. சரக்கை அனுப்பியவர் நினைக்காத விதத்தில் பயன்படுத்தும் உரிமை வாங்கியவருக்கு உண்டு.

கணக்கில் வராதது காப்பில் வராது

‘கீசக வதம்’ படத்தை இன்று யாரும் பார்க்க முடியாது. சில புகைப்படங்கள் தவிர எதுவும் மிஞ்சவில்லை. இந்தியாவில் எடுத்த சுமார் 1,700 மௌனப்படங்களில் கைவிரல் விட்டு எண்ணுமளவே முழுசாகவோ பாதியாகவோ கிடைத்தன என்று நம்ம ஊர்க் காப்பகத்தைக் கட்டிய பி. கே. நாயர் சொல்லி வந்தார். ஓடி முடிந்த படச்சுருளை வெள்ளிக்காக உருக்கினார்கள். மிச்சம் மக்கியது, எரிந்தது. 2003 ஜனவரியில் திரைப்படக் கல்லூரி வளாகத்து நைட்ரேட் கிடங்கில் தீப்பிடித்துப் பழைய சுருள்கள் போயின.

பிழைத்த ஒன்றின் கதை விசித்திரம். நாகர்கோவில் சுந்தர்ராஜ் 1933இல் ‘மார்த்தாண்ட வர்மா’ நாவலைப் படமாக்கினார். நாவலின் உரிமை வைத்திருந்த திருவனந்தபுரம் புத்தகக் கடைக்காரர் வழக்குப் போட்டுப் படத்தை நிறுத்தினார். சுருள் புத்தகக் கடையில் முடங்கியது. நாற்பது ஆண்டுக்குப் பின் நாயர் அதை அங்கிருந்து காப்பகத்துக்குக் கொண்டுவந்தார். ஊர் ஊராக ஓடியிருந்தால் தேய்ந்து போயிருக்கும். வழக்கில் சிக்கியதால் தப்பியது. எங்கள் முன்னோர் வீட்டுப் பரணில் கிடந்த ஏடுகள் உ. வே. சாமிநாதையர் கைக்குப் போய், 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறிய வரலாறு இதைப் படிக்கும்போது நினைவுக்கு வந்தது. சந்தை மறந்ததை யாராவது ஒருவர் எடுத்து வைத்தால்தான் அது நாளைக்கு உண்டு.

ஆகவே மூன்று காரியங்களை இச்சங்கத்தார் கவனத்துக்கு வைக்கிறேன். மாதம் ஒரு தமிழ்ப்படமோ சீரியல் பகுதியோ போட்டு, இளைஞர்களையும் தாய்மார்களையும் சேர்த்து உட்காரவைத்து, யார் முதல், யார் சந்தை, நமக்கு இதில் எங்கே இடம் என்று ஒரு மணி நேரம் பேசலாம். திரைப்படக் கல்லூரியும் காப்பகமும் சேர்ந்து திரைப்பட ரசனை வகுப்பு நடத்தி வந்த ஊர் இது. ஆர்வமுள்ள பிள்ளைகளை அம்மாதிரி வகுப்புகளுக்கு அனுப்பச் சங்கம் கைகொடுக்கலாம். மூன்றாவது, நம்ம பொங்கல் விழா நாடகங்கள், பட்டிமன்றங்கள், பிள்ளைகளின் பாட்டு எல்லாம் வீடுகளில் வீடியோ கேசட்டாகவும் சி.டி.யாகவும் பூசணம் பூத்துக் கிடக்கின்றன. அவற்றை வாங்கிக் கணினியில் ஏற்றி, ஆண்டு, இடம் எழுதி வைக்க வேண்டும். புனேத் தமிழர் திரையில் வரும் ஒரே படம் அதுதான்.

நம்மைத் தராசில் ஏற்றாததில் ஒரு வசதியும் இருக்கிறது. ரசிகர் மன்றக் கட்டாயம் இல்லை, கட்சிக் கட்டாயம் இல்லை. நல்லதை நல்லது, கெட்டதைக் கெட்டது என்று சொல்ல நமக்குத் தடை ஏதுமில்லை. அடுத்த மலரில் இந்தப் பக்கத்தை நம்ம பிள்ளைகளில் ஒருவர் எழுத வேண்டும், அதுவும் தமிழில் எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். வீட்டுப் பரணில் கேசட் இருப்போர் பொங்கலுக்கு முன் சங்கத்தில் சேர்ப்பிக்கவும். தூசி தட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.